நெல்லைக்குப் புதுசா? சந்தையிலிருந்து அடுப்புவரை ஒரு வழிகாட்டி

வேலை மாறுதலிலோ, கல்யாணமாகியோ, படிக்கவோ திருநெல்வேலிப் பக்கம் வந்து வாடகை வீட்டில் அடுப்பைப் பற்றவைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஏசி போட்ட கடையில் நெகிழித்தாள் சுற்றிய கேரட்டை வாங்கி, யூடியூப் பார்த்து சாம்பார் வைத்துக் காலத்தை ஓட்டிவிடலாம்தான். ஆனால் இந்த ஊர்ச் சாப்பாடு அப்படி வராது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். என்ன சமைப்பது என்று வீட்டில் முடிவு செய்து, சீட்டு எழுதிக்கொண்டு சந்தைக்குப் போகாதீர்கள். இங்கே வியாபாரிகள் வாயில் ஓயாமல் புழங்கும் சொல் 'வரத்து'. இன்று முருங்கைக்காய் வரத்து கூடுதல், கத்தரி வரத்து குறைவு என்பார்கள். வரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நெல்லைக்காரர்கள் குழம்பை முடிவு செய்வார்கள். நீங்களும் அப்படிச் செய்தால் செலவு பாதியாகும், ருசி கூடும். வீட்டில் எப்போதும் இருக்க வேண்டியவை தேங்காய், உள்ளி (சின்ன வெங்காயம்), வெள்ளைப்பூடு, புளி, பாசிப்பருப்பு, கறுப்பு உளுந்து. மீதியை அன்றைய சந்தை சொல்லும்.

சரக்கு எங்கிருந்து வருகிறது

திருநெல்வேலிச் சீமை என்று பெரியவர்கள் சொல்வது இன்றைய மாவட்டத்தை மட்டும் அல்ல. 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. சந்தைச் சரக்கு அந்தப் பிரிவினையைக் கண்டுகொள்ளவே இல்லை. தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் பக்கம் கடலில் சேருகிறது. அந்த ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும் வெற்றிலையும். மேற்கே ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் பக்கத்தில் காய்கறி. அதற்கும் வடக்கே புளியங்குடி, எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். சங்கரன்கோவில், கோவில்பட்டி கரிசல் காட்டில் உளுந்தும் பாசிப்பயறும் மிளகாய் வத்தலும். தென்கிழக்கே உடன்குடி, சாத்தான்குளம் செம்மண் தேரியில் (மணல்மேட்டில்) பனை. தெற்கே உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை என்று கடற்கரை. மலையும் ஆறும் கரிசலும் தேரியும் கடலும் ஒரே நாளில் சுற்றிவரக்கூடிய தூரத்துக்குள் இருக்கின்றன. இந்த வரைபடம் மனதில் இருந்தால், ஒரு பொருளைப் பார்த்ததுமே அது பக்கத்துச் சரக்கா, தூரத்திலிருந்து லாரியில் வந்ததா என்று தெரிந்துவிடும்.

படி 1: எந்தச் சந்தை, எந்த நேரம்

புதியவர்கள் உழவர் சந்தையில் தொடங்குவது நல்லது. 1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டு, பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய ஏற்பாடு இது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகள் இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்பார்கள். அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி. பாளையங்கோட்டையில் மகாராஜநகர், டவுனில் கண்டியப்பேரி, அப்புறம் மேலப்பாளையம் என்று மூன்று இடத்தில் இருக்கிறது. விடியற்காலையிலேயே போய்விடுங்கள். எட்டு மணிக்குமேல் போனால் கீரை வாடியிருக்கும், பிஞ்சுக் காய் தீர்ந்திருக்கும். விலைப்பலகையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், சாயங்காலம் தெருமுனைக் கடையில் வாங்கும்போது உதவும்.

டவுன் நயினார்குளம் மார்க்கெட் மொத்த வியாபாரம். லாரியும் மூட்டையும் சுமைதூக்குபவர்களின் "ஓரம்! ஓரம்!" சத்தமுமாக இருக்கும். வீட்டுக்கு ரெண்டு கிலோ வாங்க அங்கே போகத் தேவையில்லை. ஆனால் ஒரு தடவை போய்ப் பாருங்கள். எந்தக் காய் மலைமலையாகக் குவிந்து கிடக்கிறதோ அதுதான் அடுத்த சில நாட்களுக்கு மலிவு. நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து தேங்காயோ பல்லாரியோ (பெரிய வெங்காயம்) மூட்டையாக வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வதும் இங்கே உண்டு.

டவுன் போஸ் மார்க்கெட்டும் பாளையங்கோட்டை காந்தி மார்க்கெட்டும் பழைய மார்க்கெட்டுகள். இடித்துக் கட்டும் வேலையில் கடைகள் இடம் மாறின. அதனால் யாராவது "போஸ் மார்க்கெட்ல அந்தக் கடை" என்று பழைய நினைவில் வழி சொன்னால், அங்கே போய் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிராமப் பக்கம் குடியிருந்தால் வாரச்சந்தைதான் உங்களுக்கு. ஊருக்கு ஊர் கிழமை வேறு. டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமை ஆட்டுச்சந்தை, கறிக்கு வாங்குபவர்களைவிட வளர்க்க வாங்குபவர்கள் பார்க்க வேண்டிய இடம் அது. பாவூர்சத்திரம் சந்தை கேரளத்துக்குக் காய் அனுப்பும் பெரிய சந்தை. ஓணம் வரும் வாரத்தில் அங்கே விலை ஏறும், அந்தச் சூடு நெல்லை வரைக்கும் வரும். அதேபோல முகூர்த்த நாள். காலண்டரில் தொடர்ந்து முகூர்த்தம் இருந்தால் தேங்காய், முருங்கைக்காய், வாழையிலை, எலுமிச்சை எல்லாம் எகிறும். கல்யாணத்துக்கு முந்தின நாள் சந்தைக்குப் போகாமல் முடிந்த மறுநாள் போவது கெட்டிக்காரத்தனம்.

படி 2: கூப்பிடுகிற விதம், கேட்கிற விதம்

கடைக்காரர் 'அண்ணாச்சி'. வயதான அம்மா என்றால் 'ஆச்சி', நடுவயது என்றால் 'அக்கா'. 'ஹலோ', 'பாஸ்' எல்லாம் வேண்டாம். "அண்ணாச்சி, காய் எந்தூரு?" என்று தொடங்குங்கள். விலையைவிட ஊரை முதலில் கேட்பவரிடம் நல்லதை எடுத்துக் கொடுப்பார்கள். ஊரைச் சொன்னால் அது எப்போது பறித்தது என்று உங்களுக்கே கணக்குத் தெரிந்துவிடும்.

சில பெயர்கள் வெளியூர்க்காரர்களைத் திணறவைக்கும். பெரிய வெங்காயம் இங்கே பல்லாரி, சின்ன வெங்காயம் உள்ளி. கொத்தவரங்காய் சீனியவரைக்காய். அவியலுக்குப் போடும் வெண்பூசணி தடியங்காய். மரவள்ளி மரச்சீனிக்கிழங்கு. காய்ந்த மிளகாய் வெறும் 'வத்தல்'. மிளகு நல்லமிளகு. நேந்திரம் வாழை ஏத்தன். மீன்கடையில் சென்னைக்காரர்கள் வஞ்சிரம் தேடினால் 'சீலா' என்று கேட்க வேண்டும்.

எடை போடாமல் 'கூறு' கட்டி விற்பவர்கள் உண்டு, மீனிலும் கிழங்கிலும் அதிகம். கூறில் மேலே இருப்பது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். "கொஞ்சம் கலைச்சுப் பாத்துக்கிடட்டா ஆச்சி?" என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள். கேட்காமல் கை வைத்தால் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். எல்லாம் வாங்கி முடித்தபிறகு கறிவேப்பிலையும் மல்லித்தழையும் கொசுறு. அதைக் கேட்க வெட்கப்படக் கூடாது.

இன்னொன்று. "எத்தன பேருக்கு சமைக்கப் போறீய?" என்று அவர்களே கேட்பார்கள். ஊர்வம்பு இல்லை அது. நாலு பேர் என்றால் முருங்கைக்காய் இரண்டு போதும் என்று மூன்றாவதை எடுத்துத் திரும்ப வைத்துவிடுகிற ஆச்சிகளும் இருக்கிறார்கள். எப்படிச் சமைப்பது என்று கேட்டால் பின்னால் நிற்பவர்களும் சேர்ந்து சொல்வார்கள். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் விற்பவர் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 3: கையில் எடுத்துப் பார்ப்பது

தேங்காயில் தொடங்குகிறேன், இந்த ஊர்ச் சமையலில் பாதி அதுதான். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும். ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும், ஆனால் காலிக் குடம்போலக் 'களக் களக்' என்றால் முற்றிப்போய்த் தண்ணீர் வற்றிய காய். மூன்று கண்ணும் காய்ந்திருக்கிறதா பாருங்கள், கண்ணில் ஈரமோ பூஞ்சையோ இருந்தால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது. பால் எடுக்க முற்றிய காய், துவையலுக்கும் அரைப்புக்கும் கொஞ்சம் இளசு. அண்ணாச்சியிடம் "பாலுக்கு" என்று சொன்னால் அவரே தட்டிப் பார்த்து எடுத்துத் தருவார்.

முருங்கைக்காயை இரண்டு கையாலும் லேசாக முறுக்குங்கள். வளைந்து கொடுத்தால் சதை உண்டு, விறைப்பாக நின்றால் நார். கத்தரிக்காயில் காம்பு பச்சையாக இருக்க வேண்டும். வாழைக்காய் வாங்கும்போது பொரிக்கவா பழுக்கவைக்கவா என்று சொல்லி வாங்குங்கள். களக்காடு பக்கத்து ஏத்தன் சிப்ஸுக்கும் ஆகும், பழுத்தபின் ஆவியில் வேகவைத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம்.

கருப்பட்டிக்குக் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். பனையில் பாளையைச் சீவி இறக்கும் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசுவார்கள். அந்தப் பதநீரைக் காய்ச்சி, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி எடுப்பதுதான் கருப்பட்டி. அதனால்தான் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் சிரட்டை வடிவிலும் இருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அந்தப் பெயரைச் சொல்லி விற்பதெல்லாம் உடன்குடிச் சரக்கும் அல்ல. சீனி கலந்ததா என்று பார்க்க ஊர்க்காரர்கள் ஒன்றை உடைக்கச் சொல்வார்கள். உடைந்த இடத்தில் கண்ணாடித் துகள்போல மினுங்கினால் வாங்கமாட்டார்கள். மங்கலாக, லேசான புகைவாசத்தோடு, நாக்கில் வைத்தால் இனிப்புக்கு அடியில் ஒரு உப்புக் கரிப்பு தட்டுப்பட்டால் நல்ல சரக்கு. எதற்குப் பயன்படுத்தினாலும் தண்ணீரில் கரைத்து, வடிகட்டிய பிறகுதான். அடியில் மண்ணும் சுண்ணாம்பும் தங்கும், இதில் கலப்பட பயம் தேவையில்லை, நிஜக் கருப்பட்டியில் அது இருக்கும்.

அரிசிக்கு ஒரு வார்த்தை. அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து 1986-ல் வந்த 'அம்பை 16' குட்டையான, தடித்த அரிசி. சாப்பாட்டுக்குச் சன்ன அரிசி பழகியவர்களுக்கு முதலில் பிடிக்காது. இட்லிக்கும் புட்டுக்கும் வாங்கிப் பாருங்கள்.

படி 4: முதல் சமையல், சொதி

சந்தையில் கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் மூன்றும் நல்லதாகக் கிடைக்கும் நாளில் சொதி வையுங்கள். நெல்லைச் சைவ வேளாளர் வீடுகளில் கல்யாணத்துக்கு அடுத்து வரும் மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப் பாலில் வைக்கும் இதுதான் தலைமைக் குழம்பு. புளி கிடையாது, சாம்பார்ப்பொடி கிடையாது, மஞ்சள்கூடப் பலர் போடமாட்டார்கள். அதனால் பொருளில் குறை இருந்தால் மறைக்க இடமே இல்லை. சந்தையில் நன்றாகப் பார்த்து வாங்கினீர்களா என்பதற்கு இதைவிடக் கறாரான பரீட்சை கிடையாது.

நாலு பேருக்கு: பெரிய முற்றிய தேங்காய் ஒன்று, பாசிப்பருப்பு 100 கிராம், கேரட் ஒன்று, பீன்ஸ் பத்து, உருளைக்கிழங்கு இரண்டு, முருங்கைக்காய் ஒன்று, பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி, உள்ளி பதினைந்து, வெள்ளைப்பூடு பத்துப் பல், பச்சை மிளகாய் ஆறு, விரல் நீள இஞ்சி, எலுமிச்சம்பழம் ஒன்று, நெய், சீரகம், கறிவேப்பிலை.

தேங்காயைத் துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் அரை டம்ளர் விட்டு அரைத்துப் பிழிந்தால் முதல் பால். அதைத் தனியே மூடிவையுங்கள். சக்கையில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மறுபடி அரைத்தால் இரண்டாம் பால், இன்னொரு தடவை மூன்றாம் பால். முதல் பாலில் தண்ணீரைத் தாராளமாக விட்டுவிடாதீர்கள். அது தோசை மாவைவிடக் கொஞ்சம்தான் நீர்த்திருக்க வேண்டும்.

பாசிப்பருப்பை வாசம் வர லேசாக வறுத்து, குழைய வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். இஞ்சியையும் பச்சை மிளகாயையும் விழுதாக அரையுங்கள். ஒரு கரண்டி நெய்யில் உள்ளியையும் வெள்ளைப்பூட்டையும் முழுசாகப் போட்டு, நிறம் மாறாமல் வதக்கி, காய்களைச் சேர்த்து, மூன்றாம் பாலை விட்டு உப்புப் போட்டு வேகவையுங்கள். உருளைக்கிழங்கு முக்கால் வெந்ததும் முருங்கைக்காய், பட்டாணி. காய் வெந்தபின் அரைத்த விழுதைப் போட்டுப் பச்சை வாசம் போக ஐந்து நிமிடம் கொதிக்கட்டும். அதன்பின் பருப்பும் இரண்டாம் பாலும். இதுவரை அடுப்பு எப்படி எரிந்தாலும் பெரிய சேதமில்லை.

இனிமேல்தான் கவனம். தீயை நன்றாகக் குறைத்து, முதல் பாலை ஊற்றி, ஒரே திசையில் கிண்டிக்கொண்டிருங்கள். ஓரத்தில் சின்னச் சின்ன நுரை கட்டி, நடுவில் மேற்பரப்பு லேசாக அசையும். அந்த நிமிடம் அடுப்பை அணைக்க வேண்டும். கொதித்துவிட்டால் பால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும், அதன்பின் என்ன செய்தாலும் சரியாகாது. சீரகம், கறிவேப்பிலையை நெய்யில் தாளித்துக் கொட்டி, பத்து நிமிடம் ஆறவிட்டு, கடைசியாக எலுமிச்சைச் சாறு. சூட்டோடு சாறு விட்டாலும் திரியும்.

கூட இஞ்சித் துவையல் கட்டாயம். தேங்காய்ப் பாலின் கனத்துக்கு மாற்று அது. தோல்சீவிய இஞ்சி இரண்டு விரல் நீளம், உளுந்தம்பருப்பு ஒரு கரண்டி, வத்தல் நாலு, நெல்லிக்காயளவு புளி எல்லாவற்றையும் எண்ணெயில் வறுத்து, கொஞ்சம் தேங்காயும் கட்டைவிரல் அளவு கருப்பட்டியும் உப்பும் வைத்து அரைத்தால் முடிந்தது. இதற்குக் கருப்பட்டியைக் கொஞ்சூண்டு தண்ணீரில் கரைத்து வடிகட்டிவிட்டுச் சேருங்கள், பல்லில் மண் கடிபட்டால் பந்தியே கெட்டுவிடும். உருளைக்கிழங்கு சிப்ஸ் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

படி 5: காய் எதுவும் சரியில்லாத நாளில்

மழைக்காலத்தில் இப்படி நாட்கள் வரும். வரத்துக் குறைந்து, தக்காளி விலையைக் கேட்டாலே தலை சுற்றும். அன்றைக்கு மளிகைக் கடைப் பக்கம் திரும்புங்கள். தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து வாங்கி உளுந்தஞ்சோறு பொங்குங்கள். அரிசி இரண்டு டம்ளருக்கு உளுந்து ஒரு டம்ளர். உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வர வறுக்க வேண்டும், தோல் போகக் கழுவவே கூடாது. பதினைந்து பல் பூடு, ஒரு தேக்கரண்டி வெந்தயம், அரைமூடித் தேங்காய்த் துருவல், உப்பு, பத்து டம்ளர் தண்ணீர். குக்கரில் நாலைந்து விசில். பொங்கலைவிடக் கொஞ்சம் உதிரியாக, சாதத்தைவிடக் கொஞ்சம் குழைவாக வரும். மேலே நல்லெண்ணெய் விட்டு, எள்ளுத் துவையல் தொட்டுச் சாப்பிடுவது. வறுத்த எள், வத்தல், பூடு, துளிப் புளி, தேங்காய், உப்பு, அவ்வளவுதான் துவையல். அசைவக்காரர்கள் கறிக்குழம்பும் ஊற்றிக்கொள்வார்கள்.

ஃப்ரிட்ஜில் அரைக் கத்தரிக்காய், கால் கட்டு முருங்கைக்கீரை, இரண்டு அவரை என்று மிச்சம் கிடந்தால் கூட்டாஞ்சோறு. அரிசி, துவரம்பருப்பு, இருக்கிற காய் எல்லாம், புளித்தண்ணீர், தேங்காய், சீரகம், வத்தல், உள்ளி அரைத்த விழுது, எல்லாம் ஒரே பாத்திரத்தில். முருங்கைக்கீரையை மட்டும் கடைசியில் போட வேண்டும். அளவெல்லாம் கேட்காதீர்கள், கூட்டாஞ்சோற்றுக்கு அளவு சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

படி 6: மீன்

பேருந்து வசதியைப் பார்த்துக்கொண்டு ஒரு தடவையாவது உவரிப் பக்கம் போய்வாருங்கள். படகு கரைக்கு வந்ததும் மணலிலேயே ஏலம் நடக்கும். அதில் போய் நீங்கள் விலை கேட்கக்கூடாது, அது வியாபாரிகளுக்கு. ஏலம் எடுத்தவரிடம் அங்கேயே சில்லறையாக வாங்கலாம். ஊருக்குள் வாங்குவதாக இருந்தால் சீலா, பாறை, ஊளி, விளமீன் என்று பெரிய மீனும், சாளை, நெத்திலி, அயிலை என்று சின்ன மீனும் கிடைக்கும். செவுள் சிவந்து, கண் பிதுங்கி, விரலால் அழுத்திய பள்ளம் உடனே நிமிர வேண்டும். புதியவர்கள் எல்லாரும் சீலாவையே கேட்பதால் அதற்குத்தான் விலை. சாளையை மலிவு என்று ஒதுக்குவது பெரிய நஷ்டம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன்தான் அருகில் பிடித்தது, மற்றது ஐஸில் தூரத்திலிருந்து வருவது. கேட்டு வாங்குங்கள்.

குழம்புக்கு மண்சட்டி வேண்டும். சேரன்மகாதேவியைத் தாண்டி காருகுறிச்சி மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். புதுச் சட்டியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் கஞ்சித்தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தபின் புழங்குங்கள். சோப்புப் போட்டுக் கழுவினால் அந்த வாசம் அடுத்த குழம்பில் வரும்.

அரைக் கிலோ மீனுக்கு அரைமூடித் தேங்காய், பத்து உள்ளி, ஒரு தேக்கரண்டி சீரகத்தை மையாக அரையுங்கள். எலுமிச்சையளவு புளியைக் கரைத்து, மிளகாய்ப்பொடி இரண்டு தேக்கரண்டி, மல்லிப்பொடி மூன்று, மஞ்சள்பொடி அரை, உப்பு, அரைத்த விழுது எல்லாம் கலந்து, மீன் போடாமல் முதலில் குழம்பை மட்டும் கொதிக்கவிடுங்கள். மாங்காய் கிடைக்கும் பருவமென்றால் நாலு துண்டு போட்டு, புளியைப் பாதியாகக் குறையுங்கள். பச்சை வாசம் போய்க் குழம்பு வற்றத் தொடங்கும்போது மீனை இறக்கினால் ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். கரண்டி போடக்கூடாது. துணியால் சட்டியின் இரண்டு பக்கமும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் போதும். காலையில் வைத்த குழம்பை ராத்திரி சாப்பிடுங்கள்.

பருவத்துக்கு ஏற்ற பட்டியல் கொஞ்சம்

மார்கழி, தை மாதத்தில் சிறுகிழங்கும் பனங்கிழங்கும். பொங்கலுக்கு இரண்டும் இல்லாத வீடு இங்கே குறைவு, அதனால் பண்டிகைக்கு முந்தின இரண்டு நாள் விலை ஏறும், ஒரு வாரம் முன்னாலேயே வாங்கிவிடலாம். சிறுகிழங்கில் பயமுறுத்துவது அதன் மண்ணும் தோலும்தான். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரத்தோடு ஒரு சாக்கில் கொட்டி, வாயை முறுக்கிப் பிடித்து, திண்ணையிலோ கல்தரையிலோ உருட்டி உருட்டித் தேயுங்கள். பாதித் தோல் சாக்கிலேயே ஒட்டிக்கொள்ளும், மிச்சத்தைக் கத்தியால் சுரண்டினால் போதும். கையெல்லாம் கறுக்கும், முன்னாடியே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். உப்புப் போட்டு வேகவைத்து, உள்ளியும் வத்தலும் தாளித்துத் தேங்காய் தூவினால் பொரியல். அந்த மண்வாசம் வேறு எந்தக் கிழங்கிலும் கிடையாது. பனங்கிழங்குக்கு உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

கோடையில் பதநீரும் நுங்கும். பதநீரைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும், மதியத்துக்கு மேல் விற்பதை வாங்காதீர்கள். ஜூனில் குற்றாலம் சீசன் தொடங்கினால் அங்கே மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் கடைகளைப் பார்க்கலாம். பிசானப் பருவ நெல் அறுவடை முடியும் மாசி, பங்குனி வாக்கில் ஆற்றங்கரை ஊர்களில் தெரிந்த விவசாயி வீட்டிலிருந்தே ஒரு மூட்டை அரிசி பேசி வாங்கிவிடலாம். புது அரிசி குழையும், ஆறு மாதம் கழித்துப் பொங்கினால் உதிரியாக வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. கருப்பட்டி அந்த ஈரத்தில் வியர்த்து ஒழுகும். அதற்கு முன்னாலேயே காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். வத்தலையும் உளுந்தையும் புரட்டாசி வெயிலிலேயே ஒரு தடவை காயவைத்து எடுத்துவைக்க வேண்டும்.